சம்பளக் கணக்கு போடுபவள் பார்த்த 1700 வெள்ளி

மலேசியாவில், பினாங்கின் பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு போடுவதுதான் ரொம்ப வருடமாக என் பிழைப்பு. 2013-இல் மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று குறைந்தபட்சச் சம்பளம் வந்தது, அப்புறம் 1000, 1100, 1200, 1500, இப்போது 2025 பிப்ரவரியிலிருந்து 1700. ஒவ்வொரு தடவையும் "இனி கடையை மூட வேண்டியதுதான்" என்று மேலிடத்தில் ஒரு புலம்பல் எழும். எங்கள் தொழிற்சாலை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஏற்றியது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மாதச் சம்பளச் சீட்டைத் தூக்கிக்கொண்டு பரிசோதனைப் பிரிவு அக்கா ஒருவர் என் மேசைக்கு வந்தார். பல வருடம் உழைத்து அவருடைய அடிப்படைச் சம்பளம் 1680-க்கு வந்திருந்தது. "இருபது வெள்ளிதானா ஏறுச்சு? நேத்து வந்த பொண்ணுக்கும் எனக்கும் ஒரே சம்பளமாம்மா?" என்றார். என்ன பதில் சொல்வது? கடைசி ஆளுக்கு இவ்வளவு கொடு என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது, அனுபவத்துக்கு எவ்வளவு என்று அது கேட்பதில்லை, முதலாளியும் தானாகக் கேட்டுக்கொள்ள மாட்டார்.

ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கதை வேறு. 1500 அடிப்படையில் ஒரு மணி நேர ஓ.டி.க்கு 10 வெள்ளி 82 காசு, 1700-க்கு அது 12 வெள்ளி 26 காசு. ஒரு மணிக்கான கூலி கூடியதும் மேலிடம் ஓ.டி.யைக் குறைத்தது, வருகைப் படியும் அடிப்படைச் சம்பளத்துக்குள் போய்க் கரைந்தது. ஆக, சிலர் கையில் வாங்கியது முன்பு வாங்கியதைவிட அப்படியொன்றும் அதிகமில்லை.

வேலை போவதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். என் சித்தி மகன் வேறொரு தொழிற்சாலையில் ஆறு வருடம் இருந்தான், சம்பளம் 1900. ஆர்டர் குறைந்ததும் ஆளைக் கழிக்க ஆரம்பித்தார்கள். "அக்கா, ராஜினாமா கடிதத்துல கையெழுத்து போட்டா ஒரு மாசச் சம்பளம் கையில தர்றாங்களாம், போட்டுடவா?" என்று போன் செய்தான். போட்டுத் தொலைக்காதே என்று கத்தினேன், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவரை ஆட்குறைப்பில் அனுப்பினால் வருடத்துக்கு 20 நாள் சம்பளம் தர வேண்டும், அவனுக்கு 120 நாள். அது போக, 2018-இலிருந்து சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் வேலை காப்புறுதி இருக்கிறது: முதல் மாதம் சம்பளத்தில் 80 சதவீதம், அடுத்த மாதம் 50, அப்புறம் 40, 30 என்று அதிகபட்சம் ஆறு மாதம். அவன் சம்பளத்துக்கு முதல் மாதம் சுமார் 1520 வெள்ளி வரும். தானாக ராஜினாமா செய்தவன் என்று எழுதிக்கொடுத்துவிட்டால் இரண்டுமே கிடையாது. எதற்காக அந்தக் கடிதத்தை அவ்வளவு அன்பாக நீட்டினார்கள் என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்று, வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நம் ஆட்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். "அரசாங்கத்துக்கிட்ட போய்க் கையேந்தணுமா" என்று வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். மாதாமாதம் நம் சம்பளத்தில் 0.2 சதவீதம் பிடிக்கிறார்களே, முதலாளியும் அதே அளவு கட்டுகிறாரே, அது எதற்காம்?

தம்பி கையெழுத்து போடவில்லை. கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு முறைப்படி ஆட்குறைப்புக் கடிதம் கொடுத்தார்கள், 120 நாள் பணமும் வந்தது. காப்புறுதிப் பணம் முடிவதற்குள் கூலிம் ஊரில் வேலையும் கிடைத்துவிட்டது, சித்திக்கு நிம்மதி. அங்கே அவனுக்கு அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். 1700-ஆம். ஆறு வருட அனுபவத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.