கொட்டாங்குச்சிக் கரி

காங்கேயம் பக்கம் கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரியாக்குவது பெரிய தொழில். அந்தக் கரியை 900 டிகிரி வாக்கில் நீராவியில் வாட்டினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும். ஒரே கிராமுக்குள் 1000 சதுர மீட்டர் பரப்பு! இந்தக் கரி உள்ள புதுத் தண்ணீர் ஃபில்டரை மாட்டியதும் தண்ணீர் கருப்பாக வருகிறதே, அது இதன் தூள்தான்.

ஆனால் 'கரி எல்லாத்தையும் இழுத்துடும்' என்று வாட்ஸப்பில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம். குளோரின், நாற்றம்... சரி. ஈயத்தை நன்றாகப் பிடிக்க, கரியை அமிலத்தில் பதப்படுத்தி மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏற்ற வேண்டும். தண்ணீரில் அமிலம் கூடினால் ஈயம் சரியாக ஒட்டாது. ராணிப்பேட்டை நிலத்தடி நீரைக் கெடுத்த குரோமியம்-6 என்ற நச்சு உலோகம் நேர்மாறு, அமிலத் தண்ணீரில்தான் நன்றாக ஒட்டும்.

அப்புறம், உலோகம் குடித்த கரியை ரோஜாச் செடிக்குப் போட்டுவிடாதீர்கள்.