எவர்சில்வர் கடாயில் சிக்கிய மஞ்சள்தொண்டைச் சின்னான்

ஏற்காடு மலைப்பாதையின் ஓரத்தில் நின்றபடியே, எதிர்ச்சரிவின் பாறைக் குவியலுக்குள்ளிருந்து பாடிய மஞ்சள்தொண்டைச் சின்னானின் குரலைச் சந்தேகத்துக்கு இடமின்றிப் பதிவு செய்துவிட்டோம். காப்புக்காட்டுக்குள் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. பறவையை வெளியே வரவழைப்பதற்காக அதன் குரலை ஒலிபரப்பவும் இல்லை. பாத்திரக் கடையில் எடைக்கு வாங்கிய ஓர் எவர்சில்வர் கடாயும், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு மைக்கும், மூன்று குடைக்கம்பிகளும்தான் இந்த வேலையைச் செய்து முடித்தன. எங்கள் பறவை பார்க்கும் குழுவில் பாதிப் பேர் இதை விளையாட்டுச் சாமான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதால், இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

இந்தப் பறவையைப் பற்றிச் சேர்வராயன் மலையடிவாரத்தில் பறவை பார்ப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாறைக் குன்றுகளிலும் அவற்றை ஒட்டிய புதர்க்காடுகளிலும் மட்டுமே வாழும் இனம் என்பதும், அழிவாய்ப்பு இனமாக உலகப் பட்டியலில் இடம்பெற்றிருப்பதும், கல் குவாரிகளும் கோடைக் காட்டுத்தீயும் அதன் வாழிடத்தை அரித்துக்கொண்டிருப்பதும் எல்லோரும் அறிந்தவை. எங்கள் குழு சில காலமாக எடுத்துக்கொண்டிருக்கும் வேலை, சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுப் பாதையிலும் குப்பனூர்ப் பாதையிலும் எந்தெந்தப் பாறைச்சரிவுகளில் இந்தச் சின்னான் உண்மையிலேயே இருக்கிறது என்று ஒரு வரைபடம் தயாரிப்பது. சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியின்றி இறங்க முடியாது, அனுமதி இருந்தாலும் கூட்டமாக இறங்குவது பறவைக்கு நல்லதில்லை. குரலை ஒலிபரப்பினால் பறவை தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு வெளியே வந்து கத்தும். பார்ப்பவருக்கு அது நல்ல படம், பறவைக்கு வீண் செலவு என்பதால் ஒலிபரப்பு கூடாது என்று குழு முடிவெடுத்திருக்கிறது. ஆக, சாலையிலிருந்தே தொலைவைக் கேட்கும் காது ஒன்று தேவைப்பட்டது.

தொலைவிலிருந்து வரும் ஒலியைக் குழிந்த தட்டு ஒன்றால் மைக் இருக்கும் இடத்தில் குவிப்பதுதான் அதற்கு வழி. குவிதட்டு என்று சொன்னவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, மொட்டைமாடியில் சும்மா கிடக்கும் டிடிஎச் தட்டைப் பயன்படுத்தினால் என்ன என்பதுதான். அந்தத் தட்டு ஒரு பெரிய பரவளையத்தின் (பாரபோலா) ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. அதன் குவியம், அதாவது அலைகள் வந்து கூடும் இடம், தட்டின் நடு அச்சில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். செயற்கைக்கோள் அசையாது, தட்டையும் ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டால் போதும். புதருக்குப் புதர் தாவும் பறவையை நோக்கி அதைக் கையில் பிடித்துக் குறிபார்ப்பது வேறு விஷயம். தட்டு ஒரு பக்கம் பார்க்க, அது கேட்பதோ இன்னொரு பக்கமாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் தயார்த்தட்டுகளின் விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும்.

சேலம் உருக்காலை இருக்கும் ஊரில் எவர்சில்வருக்குப் பஞ்சமில்லை என்பதால் பாத்திரக் கடைக்குப் போனேன். கடாயின் கைப்பிடியையோ பளபளப்பையோ பார்க்காமல், அட்டையில் வெட்டிய வட்டவில் ஒன்றைக் கடாய்க்குக் கடாய் உள்ளே வைத்து இடைவெளி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவனைக் கடைக்காரர் வெகுநேரம் பொறுத்துக்கொண்டார். “சார், இதுல என்ன பலகாரம் போடப் போறீங்க?” என்று கடைசியில் கேட்டேவிட்டார். இண்டக்‌ஷன் அடுப்பு வந்தபிறகு பெரும்பாலான கடாய்களின் அடியைத் தட்டையாக்கிவிட்டார்கள். நமக்கு அவை உதவாது. சமையல்காரர்கள் வாங்கும் பெரிய கடாய்களில்தான் அடி முழுக்க உருண்டையாக இருக்கிறது. வாய் விட்டம் 50 செ.மீ., ஆழம் 12 செ.மீ. உள்ள ஒன்று கிடைத்தது. விட்டம் ஏன் முக்கியம் என்றால், தட்டின் அகலத்தைவிட நீளமான அலைகளை அதனால் குவிக்க முடியாது. 50 செ.மீ. தட்டு ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வேலை செய்யத் தொடங்கும். மலைப்பாதையில் இது குறையே அல்ல, வரம். பேருந்து எஞ்சினின் உறுமலைத் தட்டு பெருக்காமல் விட்டுவிடுகிறது, சின்னானின் குரலை மட்டும் அள்ளுகிறது.

இனி, என் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன்: மைக்கை எங்கே நிறுத்துவது? பரவளையத் தட்டாக இருந்தால் கணக்கு ஒரே வரிதான். விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் அடியிலிருந்து குவியத்தின் தொலைவு வந்துவிடும். இந்த அளவுகளுக்கு அது 13 செ.மீ. ஆனால் கடாய் பரவளையம் அல்ல, கோளத்தின் ஒரு வெட்டு. அதன் வளைவு ஆரத்தைக் கணக்கிட்டால் 32 செ.மீ. வருகிறது. நடுப்பகுதியில் படும் ஒலி அதில் பாதியான 16 செ.மீ. தொலைவில் குவிகிறது, விளிம்பில் படும் ஒலியோ ஆறரை செ.மீ. தொலைவிலேயே அச்சைக் கடந்துவிடுகிறது. அதாவது குவியம் ஒரு புள்ளியாக இல்லாமல், அரைச் சாண் நீளத்துக்குச் சற்றே குறைவாக இழுபட்டுக் கிடக்கிறது. அதில் எந்த இடம் நல்ல இடம் என்பதுதான் கேள்வி.

கடாய் பளபளப்பாக இருந்த வரையில் இதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. காலை வெயிலுக்கு நேராகப் பிடித்து, அடியிலிருந்து மேலாக ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை நகர்த்தினால், முதலில் ஓர் ஒளிவளையமும் அதன் நடுவில் மங்கலும் தெரிகின்றன. நகர்த்த நகர்த்த வளையம் சுருங்கி, நடுவில் கூரான ஒரு புள்ளி முளைத்து, அதைச் சுற்றி ஒளி விசிறிபோல் விரிகிறது. அந்தப் புள்ளியில் காகிதத்தைச் சற்று நேரம் வைத்தால் கருகி ஓட்டை விழும். விரலுக்கும் அதே கதிதான் என்பதால் குழந்தைகளை அருகில் விட வேண்டாம். இருந்தாலும் ஒளி காட்டும் இடத்தை ஒலிக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 3 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 செ.மீ.க்கு மேல், அந்த அளவு நீண்ட அலைக்கு ஊசிமுனைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. இதனால் ஒரு லாபமும் உண்டு. கோள வளைவின் குறை ஒளியில் தெரியும் அளவுக்கு ஒலியில் உறுத்துவதில்லை.

அளந்து பார்ப்பதற்குக் கைப்பேசியில் ஒரே சீரான விசில் ஒலியை ஓடவிட்டு, மொட்டைமாடியின் மறுமுனையில் வைத்து, பதிவுக்கருவியின் அளவுமானியைப் பார்த்தபடி மைக்கை நகர்த்துவதுதான் வழக்கமான வழி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. நேராக வரும் ஒலியும், தரையிலும் கைப்பிடிச் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றோடொன்று மோதி, சில இடங்களில் கூடியும் சில இடங்களில் அழிந்தும் போகும். நான் நகர்ந்து நின்றாலே முள் எகிறியது. ஒற்றைச் சுருதிக்குப் பதிலாக, 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை பரவிய இரைச்சலை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் தயாரித்து, அதைத் திறந்த விளையாட்டு மைதானத்தில் ஒலிக்கவிட்ட பிறகுதான் முள் ஒழுங்காக நின்றது. அரை செ.மீ. அரை செ.மீ. ஆக நகர்த்தியபோது 16-ல் சுமாராகவும், 14-ல் நன்றாகவும், 13-ஐ ஒட்டி உச்சமாகவும், 10-க்குக் கீழே மளமளவென்று சரிந்தும் போயிற்று. பரவளையக் கணக்கு சொன்ன அதே 13! கடாயின் பரப்பில் பாதி, நடுவிலிருந்து 17.7 செ.மீ. ஆரத்துக்குள் அடங்கிவிடுகிறது, அந்த எல்லையில் படும் ஒலி கிட்டத்தட்ட 13 செ.மீ.யில்தான் குவிகிறது என்பதைப் பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது காரணம் புரிந்தது. உங்கள் கடாய் வேறு அளவாக இருந்தாலும், இதுபோல் ஆழம் குறைந்ததாக இருந்தால், பரவளையக் கணக்கில் வரும் தொலைவில் தொடங்கி அங்கிருந்து இருபுறமும் நகர்த்திப் பாருங்கள், நேரம் மிச்சமாகும்.

அடுத்த தொல்லை கடாயின் சொந்தக் குரல். எவர்சில்வர் சும்மா இருக்காது. சட்டைப் பொத்தான் உரசினாலும் மணிபோல் ரீங்கரிக்கும், அந்த ரீங்காரம் நேராகப் பதிவில் ஏறும். கார் கதவுக்குள் ஒட்டும் தடித்த ரப்பர் தாளை வாங்கி வெளிப்புறம் முழுக்க ஒட்டினேன். விளிம்பில் பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கீறி மாட்டினேன். இப்போது விரலால் சுண்டினால் ‘டொக்’ என்ற சத்தத்தோடு அடங்கிவிடுகிறது. உள்புறப் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து, மங்கலான சாம்பல் பெயிண்ட் அடித்தாயிற்று. வளைவில் வரும் வண்டி ஓட்டுநர்களின் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் குரங்குகள். மலைப்பாதைக் குரங்குகளுக்குப் பளபளக்கும் பாத்திரம் என்றால் அதற்குள் சாப்பாடு இருந்தே தீரும். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு ஒரு தாட்டியான ஆண்குரங்கு எதிரே உட்கார்ந்து, நான் எப்போது பரிமாறுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

மைக்காகப் பயன்படுத்தியது பிரைமோ நிறுவனத்தின் இஎம்272 என்ற சிறு குமிழ். அதன் சொந்த இரைச்சல் 14 டெசிபல் அளவில்தான் என்பதால், தொலைவுப் பறவைகளைப் பதிவு செய்பவர்கள் உலகெங்கும் அதை விரும்புகிறார்கள். முதலில் ஓர் இணையதளக் கடையில் வாங்கியது வேறேதோ குமிழ். பெயரை மட்டும் ஒட்டியிருந்தார்கள், போட்டவுடன் ‘உஸ்’ என்று ஒரு தோசைக்கல் ஓசை. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள். கம்பி, இணைப்பி, கவசம் முதலியவற்றைச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும் நண்பர் யாரிடமாவது சொல்லிவிடுவதே நல்லது. சேலத்தில் ஒன்று கிடைத்தால் இன்னொன்று கிடைப்பதில்லை. மூன்று குடைக்கம்பிகளை விளிம்பிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, ரப்பர் வளையங்களுக்கு நடுவே மைக்கைத் தொங்கவிட்டிருக்கிறேன். இதனால் கை நடுக்கம் மைக்குக்கு ஏறுவதில்லை.

களத்தில் உண்மையான எதிரி காற்றுத் தடுப்புறை இல்லாத மைக்கோ, வெயில் ஏறியபின் கத்தத் தொடங்கும் சில்வண்டுகளோ அல்ல. வளைவுக்கு வளைவு அடிக்கும் ஹாரன்தான். எஞ்சின் ஓசையை ஒதுக்கிய கடாய், ஹாரனைச் சின்னானோடு சேர்த்தே குவித்துக் கொடுக்கிறது. விடிந்தும் விடியாத வேளையில் போய், இரண்டு வண்டிகளுக்கு இடையே கிடைக்கும் இடைவெளிக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அப்படிக் கிடைத்த ஓர் இடைவெளியில்தான் பறவை பாடியது. காதுக்கு அது தொலைவில் ஒரு முணுமுணுப்பு. கைப்பேசிப் பதிவில் ஒன்றுமே இல்லை. கடாய்ப் பதிவில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கிறது.

பதிவை அலைமாலைப் படமாக (ஒலியின் சுருதி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படம்) விரித்து வைத்துக் குழுவில் விவாதித்தோம். அதே சரிவில் வெண்புருவச் சின்னானும் செம்புழைச் சின்னானும் மேலே செம்மீசைச் சின்னானும் இருக்கின்றன. சின்னான்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பேசுவதால், காதால் கேட்டதாகச் சொல்லிப் பட்டியலில் சேர்த்த சில பழைய குறிப்புகள் மீது எனக்கு எப்போதுமே ஐயம் உண்டு. இந்த முறை, பாடிய சில நிமிடங்களில் பறவை பாறை உச்சிக்கு வந்து நின்று, மஞ்சள் தொண்டையையும் வால் நுனி மஞ்சளையும் காட்டிவிட்டு இறங்கியதை இருவர் தொலைநோக்கியில் பார்த்தார்கள். ஆகவே குரலும் உருவமும் ஒரே பறவைக்கு உரியவை என்று உறுதியாகிவிட்டது. பதிவை வெட்டாமல் முழு வேவ் கோப்பாகவே ஈபேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் எங்கள் பட்டியலோடு ஏற்றியிருக்கிறோம். இனிமேல் குரல் மட்டும் கேட்ட சரிவுகளில் கிடைக்கும் பதிவுகளை இதனோடு ஒப்பிட்டே வரைபடத்தில் புள்ளி வைப்பது என்று பேசி முடித்திருக்கிறோம். கோடையில் தீ எந்தச் சரிவில் ஏறினால் எந்த இணையை இழப்போம் என்று வனத்துறையிடம் சுட்டிக்காட்ட அந்தப் புள்ளிகள் வேண்டும். “அங்கே எங்கோ இருக்கிறது” என்று சொன்னால் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

கடாயின் ஒரே பெருங்குறை எடை. ரப்பர் தாளோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தால் சிறிது நேரத்தில் தோள் கழன்றுவிடும். அதற்காக ஃபைபரில் உண்மையான பரவளையத் தட்டு ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். விட்டம் 55, ஆழம் 12, குவியம் 15.75 செ.மீ. நடுவில் இரும்புக்கம்பி நட்டு, பரவளைய வடிவில் வெட்டிய பிளைவுட் சட்டத்தை அதைச் சுற்றிச் சுழற்றி, சிமென்ட் கலவையைக் குவிந்த அச்சாக இழைத்தாயிற்று, மெழுகும் பூசியாயிற்று. சட்டத்தை வரைய, நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளி 1.6, 20-ல் 6.35, விளிம்பில் 12 என்று புள்ளிகள் வைத்து இணைத்தால் போதும். ஃபைபர் கதவு செய்யும் பட்டறையில் ரெசினும் கண்ணாடியிழைப் பாயும் சில்லறையாகவே தருகிறார்கள். சேலத்து வெயிலில் அவர்கள் சொல்லும் அளவுக்கு ஹார்டனர் ஊற்றினால் தூரிகையை எடுப்பதற்குள் டப்பாவிலேயே இறுகிவிடுகிறது. அளவைக் குறைத்து, விடியற்காலையில் பூச வேண்டும். முதல் அடுக்கு முடிந்திருக்கிறது, இரண்டாவது பாக்கி.

அது முடிவதற்குள்ளாகவே, ஆடியோமோத் போன்ற தானியங்கி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை அனுமதி பெற்று இரவில் வைத்து, பக்கிகள் என்னும் இரவுப் பறவைகளையும் கேட்கலாமா என்ற பேச்சு குழுவில் கிளம்பிவிட்டது. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருவதற்குள் இரண்டு தட்டுகளாவது கையில் இருந்தால், இரண்டு பாதைகளிலும் ஒரே காலையில் ஆளை நிறுத்த முடியும். பழுதான ட்ரில்லிங் மெஷினின் பிடி யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஃபைபர் தட்டுக்குக் கைப்பிடி இன்னும் அகப்படவில்லை.