தானே எடுக்கும் மாதிரி: ஒரு மொழிபெயர்ப்பாளரின் நாட்குறிப்பு

மார்ச் 4

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துக்கொள்ளும் முறையை, புலம்பெயர்ந்து வந்த பெண்களுக்கு விளக்கும் கூட்டத்தில் இன்று மொழிபெயர்த்தேன். கூச்சம்தான் பெரிய தடையாக இருக்கும் என்று எண்ணிப் போயிருந்தேன். மருத்துவர் முன் படுக்க வேண்டியதில்லை என்றதுமே பலருடைய முகம் தெளிந்துவிட்டது. தடை வேறு இடத்தில் இருந்தது: "நான் சரியாக எடுத்தேனா என்று யார் சொல்வார்கள், அக்கா?"

மார்ச் 6

செவிலியர் பஞ்சுக்குச்சியை எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அது கருப்பை வாயைத் தொட வேண்டியதில்லை. யோனிக்குள் சில சென்டிமீட்டர் செலுத்தி, மெல்லச் சுழற்றி எடுத்தால் போதும். தேடப்படுவது இப்புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி வைரஸின் மரபணு என்பதால், மரபணுவைப் பன்மடங்கு பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில் சோதிக்கும்போது இந்த மாதிரி மருத்துவர் எடுப்பதற்கு ஏறத்தாழ இணையாகவே இருக்கிறது; உலக சுகாதார நிறுவனமும் 2021 வழிகாட்டுதலில் இரண்டையும் ஏற்றிருக்கிறது. இவ்வளவையும் கேட்ட ஓர் அம்மா, "படித்தவர்கள் செய்வதும் நான் குளியலறையில் செய்வதும் ஒன்றாகுமா?" என்றார். படிவத்தில் பெயரைப் பிழையாக எழுதியதற்கே பலமுறை திருப்பி அனுப்பப்பட்டவருக்குத் தன் கை மேல் நம்பிக்கை எங்கிருந்து வரும்?

மார்ச் 11

துண்டறிக்கையில் "பாலுறவால் பரவும்" என்ற வரி உள்ளே மறையும்படி ஒருவர் அதை நான்காக மடித்தார். தொற்று இருப்பதாக முடிவு வந்தால் கணவர் என்ன நினைப்பார் என்பதே அவருடைய கவலை. பாலுறவில் ஈடுபட்ட பெரும்பாலோருக்கு இத்தொற்று எப்போதாவது வருவதுண்டு. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே நீங்கிவிடும். சிலருக்குப் பல ஆண்டுகள் வெளித்தெரியாமல் தங்கவும் கூடும் என்பதால், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று சொல்லவே முடியாது. இதை இரண்டு முறை சொன்னேன். அப்போதுதான் உண்மையான சிக்கல் வெளிவந்தது: வீட்டுக்கு வரும் கடிதங்களை அவருக்கு வாசித்துக் காட்டுவது பதின்மூன்று வயது மகன். முடிவைத் தொலைபேசியில் சொல்ல ஏற்பாடாயிற்று.

மார்ச் 28

அவருக்குத் தொற்று இருப்பதாகவே முடிவு வந்தது. அது புற்றுநோய் என்று பொருளல்ல. ஆனால் கருப்பை வாயை மருத்துவர் நேரில் பார்த்தாக வேண்டும். முதல் கூட்டத்தில் இதை அழுத்திச் சொல்லாதது என் தவறு. "முன்பே தெரிந்திருந்தால் எடுத்திருக்கவே மாட்டேன்" என்றவர், சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெண் டாக்டர்தானா என்று கேளுங்கள், அக்கா" என்றார். கேட்டுவிட்டேன், பெண் மருத்துவர்தான். புதன்கிழமை காலை நானும் உடன் போகிறேன்.