ஒரு முழு இரவு வேண்டும்

1977 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கில் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான லெட் செப்பெலின் நடத்திய கச்சேரியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் அந்தக் கச்சேரி இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளிவந்ததே இல்லை. மைக் மில்லர்ட் என்ற ரசிகர், நன்றாக நடக்கக்கூடியவராக இருந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்து, அதில் நகாமிச்சி டேப் ரிக்கார்டரை மறைத்து உள்ளே கொண்டுபோய்ப் பதிவு செய்ததால்தான் அந்த இரவு நமக்கு மிஞ்சியது. கூட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த பதிவுகளில் இதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜான் பால் ஜோன்ஸின் பேஸ் கிதாரை மட்டும் பின்தொடரப் பார்த்தால், அரங்கின் எதிரொலியில் அது கரைந்து கரைந்து மறைகிறது. பிடித்துவிட்டோம் என்று நினைக்கும் நேரத்தில் பக்கத்து இருக்கைக்காரர் யாரோ விசில் அடிக்கிறார்.

டிரம்ஸ் வாசித்த ஜான் பானம் 1980 செப்டம்பரில் இறந்ததோடு இசைக்குழு முடிவுக்கு வந்தது. அதன்பின் வந்த நேரடிக் கச்சேரி வெளியீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் நான் அதிகம் மதிப்பது 2003இல் வெளிவந்த 'ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்' என்னும் மூன்று தட்டுத் தொகுப்பு. ஆனால் அது ஒரே கச்சேரி அன்று. 1972 ஜூன் 25இல் ஃபோரமிலும் இரண்டு நாள் கழித்து லாங் பீச்சிலும் வாசித்தவற்றிலிருந்து நல்லதைத் தேர்ந்து, ஒரே இரவு போலத் தைத்திருக்கிறார் ஜிம்மி பேஜ். 1976இல் வந்த முதல் நேரடி ஆல்பமும் அப்படித்தான், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனின் மூன்று இரவுகளை வெட்டி ஒட்டியது.

பேஜின் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. கிதார் கலைஞரான அவரே தயாரிப்பாளரும்கூட. தன் பெயரில் வெளிவருவதில் பிசிறு தட்டக் கூடாது என்று நினைப்பது ஸ்டூடியோவில் வளர்ந்த மனிதருக்கு இயல்பு. ஆனால் ரசிகர்கள் கேட்பது அந்தப் பிசிறையும் சேர்த்துத்தான். ராபர்ட் பிளான்ட்டின் குரல் கட்டிய இரவில் மற்ற மூவரும் அதற்கேற்ப எப்படி வளைந்துகொடுத்தார்கள், அரை மணி நேரம் நீளும் பாட்டில் வழிதவறிய பேஜ் எங்கே சுற்றித் திரும்பி வந்தார் என்பதெல்லாம், வெட்டி ஒட்டிய ஆல்பத்தில் முதலில் காணாமல் போகும் விஷயங்கள்.

இந்த விஷயத்தில் அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் ரசிகர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை. அந்தக் குழு 1984இலேயே, டேப் எடுப்பவர்களுக்கென்று அரங்கில் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது. 1972 ஐரோப்பியப் பயணத்தின் 22 கச்சேரிகளையும் 2011இல் 73 தட்டுகளாக மொத்தமாக வெளியிட்டது. லெட் செப்பெலின் மேலாளர் பீட்டர் கிரான்ட் இதற்கு நேர் எதிர். 1971இல் வான்கூவர் கச்சேரியில் ஒருவர் கையில் இருந்த கருவியைத் திருட்டுப் பதிவுக் கருவி என்று நினைத்து அவரும் ஆட்களும் உடைத்துப்போட்டார்கள். அந்த மனிதரோ இரைச்சலை அளக்க வந்த அரசுப் பணியாளர்! பூட்லெக் என்னும் திருட்டுப் பதிவுத் தட்டுகளை அவ்வளவு வெறுத்த ஒரு குழுவின் வரலாற்றில் பாதி இன்று பூட்லெக்குகளில்தான் வாழ்கிறது.

எனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், 1975 மே மாதம் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் நடந்த ஐந்து இரவுகளில் ஏதேனும் ஒன்றைக் கேட்பேன். ஒவ்வோர் இரவும் மூன்று மணி நேரத்தைத் தாண்டியது. நடுவில் நால்வரும் உட்கார்ந்து அகூஸ்டிக் கிதாரும் மேண்டலினுமாக வாசித்த பகுதியும் அதில் உண்டு. மேடைக்கு மேலே மாபெரும் திரை வைத்து நிகழ்ச்சியை அப்போதே காட்டியதால் கேமராக்களும் ஓடிக்கொண்டிருந்தன. 2003 டிவிடியில் அதிலிருந்து சில பாடல்கள் வந்தன; மீதிக்காக அன்றிலிருந்து காத்திருக்கிறோம்.

பழைய டேப்புகளின் பெட்டியை பேஜ் திறக்கவே மாட்டார் என்று சொல்லிவிடவும் முடியாது. 1972இல் அவரும் பிளான்ட்டும் பம்பாய்க்கு வந்து உள்ளூர் இசைக்கலைஞர்களோடு இரண்டு பாடல்களைப் பதிவு செய்தார்கள். பல பத்தாண்டுகளாகத் தேய்ந்த பிரதிகளில் மட்டுமே கைமாறி வந்த அவை, 2015இல் 'கோடா' ஆல்பத்தின் மறுவெளியீட்டில் சுத்தமான ஒலியில் வந்தன. அதுவரை மங்கலாகக் கேட்டுவந்த தபேலாவின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுந்தபோது, பழகிய பாட்டையே முதல்முறை கேட்பதுபோல் இருந்தது. ஏர்ல்ஸ் கோர்ட்டிலிருந்து எனக்கு வேண்டியதும் அதுதான்: விளக்கணைந்ததும் எழும் கூச்சலிலிருந்து கடைசிப் பாடல் வரை, இடையில் கிதாரைச் சுதி சேர்க்கும் சத்தம் உட்பட, எதையும் வெட்டாமல் ஒரே ஓர் இரவு. அது வரும்வரை மில்லர்டின் டேப்பும் அந்த விசிலும் போதும்.