ஐந்து பாலங்கள்

மே 19
நீச்சலும் சைக்கிளும் மறக்காது என்பார்கள். மறக்கவில்லைதான், தஞ்சாவூர் வீட்டிலிருந்து கரந்தை வடவாற்றுப் பாலம் வரை போய் வந்துவிட்டேன். ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கணக்கில் சேராது போலிருக்கிறது. வலது காலைப் பின்னால் தூக்கிப் போட்டால் கேரியரில் இடிக்கிறது. 67 வயது இடுப்பு அவ்வளவுதான் வளைந்து கொடுக்கும். வாசலில் இறங்கும்போது சைக்கிளோடு சாய்ந்தேன். செம்பருத்திச் செடி தாங்கிக்கொண்டது. நல்லவேளை, வீட்டில் பார்க்கவில்லை.

மே 20
பார்த்திருக்கிறாள். "செம்பருத்தி ஏங்க ஒரு பக்கமா படுத்திருக்கு?"

மே 27
நாலு நாளாக முட்டியின் முன்பக்கம் வலி. வயசு என்று நினைத்திருந்தேன். சைக்கிள் கடைக்காரர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "சீட்டை இவ்ளோ கீழ வச்சு மிதிச்சா முட்டி என்னத்துக்கு சார் ஆகும்?" சீட் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அளவுக்கு மேல் மடங்கி, அதன் மேல் உள்ள சில்லை அழுத்துமாம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும். அதுதான் அளவு. ஏற்றி வைத்துக் கொடுத்தார்.

ஜூன் 2
முட்டி வலி போய்விட்டது, பயம் வந்துவிட்டது. சீட்டில் உட்கார்ந்தபடி நின்றால் கால் தரைக்கு எட்டவில்லை. விழுந்தால் இடுப்பெலும்பு. இந்த வயதில் அது விளையாட்டல்ல. சீட்டை இறக்கினால் முட்டி, ஏற்றினால் இடுப்பு. கடைக்காரர் ஒரு மூலையைக் காட்டினார். அங்கே பார் இல்லாத லேடீஸ் சைக்கிள்.

ஜூன் 4
இரண்டு நாள் மானப் பிரச்சினை. பிறகு பழையதைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். காலைத் தூக்கவே வேண்டாம், நடுவில் நுழைத்தால் போதும். நிறுத்தும்போது பிரேக் பிடித்து, சீட்டிலிருந்து முன்னால் நழுவி ஒரு காலை ஊன்ற வேண்டும். இதைத் தெருவில் இருபது தடவை பழகினேன். எதிர்வீட்டுப் பையன் எண்ணிக்கொண்டிருந்தான்.

ஜூன் 11
டாக்டருக்குச் சந்தோஷம், ஆனால் முழுச் சந்தோஷம் இல்லை. சைக்கிளில் உடம்பின் எடையைச் சீட் சுமந்துவிடுகிறது. இதயத்துக்கும் தொடைக்கும் நல்லது, எலும்புக்கு அவ்வளவாக வேலை இல்லை, நடக்கவும் வேண்டும் என்கிறார். சரி. பாலத்து மேட்டில் மூச்சு வாங்கி இறங்கித் தள்ளுகிறேனே, அதை நடைக்கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 21
மேட்டூர் அணை திறந்து ஒன்பது நாள். பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு நிறையப் போகிறது. பாலத்தில் எல்லோரும் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். நானும் இறங்கினேன், தடுமாறாமல். அதை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை.

ஜூன் 29
அம்மன்பேட்டை தாண்டி வெட்டாறு வரை. மூன்றாவது பாலம். பிரான்சில் ராபர்ட் மர்ஷான் என்று ஒருவர், 2017 ஜனவரியில், தம் 105ஆம் வயதில், ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினாராம். உள்ளரங்க ஓடுதளம். குறுக்கே எருமை வராது, பின்னால் மினி பஸ் ஹாரன் அடிக்காது. இருந்தாலும் 105.

ஜூலை 6
விடிவதற்கு முன் கிளம்பி, கண்டியூரில் டீ குடித்து, குடமுருட்டியைத் தாண்டி, காவிரிப் பாலமும் ஏறிவிட்டேன். திருவையாறு! ஐந்து பாலங்களில் மூன்றை மிதித்தே ஏறினேன். வீட்டுக்குக் கால் கிலோ அசோகா அல்வா வாங்கிக் கேரியரில் கட்டினேன். எனக்கு ஒரு விள்ளல்தான், டாக்டருக்குத் தெரிய வேண்டியதில்லை. கயிற்றை இறுக்கும்போதுதான் உறைத்தது, திரும்பிப் போகவும் அதே ஐந்து பாலங்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.