புரூட்டஸ் இருவர்: பிரெஞ்சு ஓவியத்தில் புராணமும் ரோம வரலாறும் படித்த அனுபவம்

பாரிஸில் பகலில் வேலை, வாரம் இரண்டு மாலை கலை வரலாற்று வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்த காலம். முதல் வருடத் தேர்வில் ஓர் ஓவியத்தைத் திரையில் போட்டு, தலைப்பை மட்டும் கொடுத்து, விளக்கி எழுதச் சொன்னார்கள். ழாக்-லூயி தாவீத் 1789-இல் வரைந்த ஓவியம் அது. புரூட்டஸின் வீட்டுக்கு அவருடைய மகன்களின் உடல்களைக் காவலர்கள் தூக்கி வருகிறார்கள்.

புரூட்டஸ் என்றதும் எனக்குத் தெரிந்தது ஒரே ஆள்தான், சீசரைக் குத்தியவர். நட்பு, துரோகம், குற்ற உணர்ச்சி என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். வெளியே வந்தபோது நல்ல மதிப்பெண் நிச்சயம் என்றே நினைத்தேன். வந்தது 20-க்கு 6.

படத்தில் இருப்பவர் லூசியஸ் ஜூனியஸ் புரூட்டஸ். கி.மு. 509-இல் டார்க்வின் மன்னர்களை விரட்டி ரோமக் குடியரசைத் தொடங்கி வைத்தவராகச் சொல்லப்படுபவர். சீசர் கொலை நடந்தது கி.மு. 44-இல். இடையில் 465 வருடங்கள். முதல் புரூட்டஸின் மகன்கள் இருவரும் மன்னராட்சியைத் திரும்பக் கொண்டுவரச் சதி செய்தார்கள். தகப்பனே மரண தண்டனை கொடுத்து, அது நிறைவேறுவதையும் பார்த்துக்கொண்டு இருந்தார். இந்தக் கதை தெரியாமல் அந்தப் படத்தைப் பற்றி எழுதுவது எல்லாம் வெறும் அளப்பு.

அந்த 6 மதிப்பெண்தான் நான் படிக்கும் முறையை மாற்றியது. அதற்கு முன் ஓவியர்களின் பிறந்த வருடம், பாணி, அந்த இயக்கம், இந்த இயக்கம் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். இரண்டாம் முறை கதைகளிலிருந்து ஆரம்பித்தேன். ஓவிட் எழுதிய உருமாற்றக் கதைகள், லிவியின் ரோம வரலாறு, புளூடார்க்கின் வாழ்க்கை வரலாறுகள், ஹோமர், வெர்ஜில். முழுக்கப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது, எனக்கும் இல்லை. ஓவிட்டில் மட்டுமே 15 பகுதிகள் இருக்கின்றன. ஒரு படத்தைப் பார்க்க வேண்டியது, அது எந்தக் கதை என்று தேட வேண்டியது, மூலத்தில் அந்த இடத்தை மட்டும் படிக்க வேண்டியது. கதைக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போட்டேன்.

தொடக்கத்தில் பெயர்களே தலையைச் சுற்ற வைக்கும். நான் முதலில் ஆங்கிலப் புத்தகங்களில் படித்தேன், தேர்வோ பிரெஞ்சில். லிவி அங்கே தீத்-லீவ். வெர்ஜிலின் நாயகன் ஈனியஸ் அங்கே எனே. கிரேக்கத்தின் ஜீயஸும் அஃப்ரோடைட்டியும் படத் தலைப்புகளில் பெரும்பாலும் ஜூப்பிட்டர், வீனஸ் என்று லத்தீன் பெயரில்தான் வருவார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலை, ஆனால் வருடம் முழுக்க உதவும்.

ஆளை அடையாளம் காண்பது நமக்கு எளிதாகவே வர வேண்டும். வேலைப் பார்த்தால் முருகன், சங்கு சக்கரம் பார்த்தால் பெருமாள் என்று கோயில் தூணைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இங்கே கழுகும் இடியும் ஜூப்பிட்டருக்கு, தலைக்கவசமும் ஆந்தையும் மினெர்வாவுக்கு, சிறகு வைத்த செருப்பு மெர்குரிக்கு, சிங்கத்தோலும் கதாயுதமும் ஹெர்குலிஸுக்கு. பழைய பழக்கம் இடறவும் செய்யும். மயில் இங்கே ஜூப்பிட்டரின் மனைவி ஜூனோவுடையது. நூறு கண் கொண்ட ஆர்கஸ் கொல்லப்பட்டதும் அவன் கண்களை எடுத்து அவள் மயில் தோகையில் பதித்தாள் என்பது ஓவிட் சொல்லும் கதை. தலையில் பிறை இருந்தால் அது வேட்டைத் தேவதை டயானா.

அந்தப் பிறையை வைத்துத்தான் பூஷே 1742-இல் வரைந்த டயானாவை அடையாளம் கண்டேன். குளித்து முடித்து அமர்ந்திருக்கிறாள், பக்கத்தில் தோழி, வேட்டையாடிய பறவைகள், நாய்கள். டயானா குளிக்கிறாள் என்றாலே ஆக்டியான் ஒளிந்திருந்து பார்த்து மானாக மாறும் கதைதான் நினைவுக்கு வரும். நானும் படம் முழுக்க ஆக்டியானைத் தேடினேன். இல்லை! அந்தப் படத்தில் கதையே நடக்கவில்லை. அழகான உடலை வரைய ஒரு தேவதையின் பெயர் தேவைப்பட்டது, அவ்வளவுதான். கதை இல்லாததையும் பதிலில் எழுத வேண்டும் என்று ஆசிரியர் சொன்னபோதுதான் பாடம் பிடிபட ஆரம்பித்தது.

ஏன் எல்லாரும் புராணத்தையே கட்டிக்கொண்டு அழுதார்கள் என்பதற்கு விடை சுருக்கமானது. 1648-இல் அரச ஓவியக் கழகம் தொடங்கியது. 1667-இல் கலை எழுத்தாளர் ஃபெலிபியான் வகுத்த படிநிலையில் வரலாறும் புராணமும் உச்சியில், அதற்குக் கீழே உருவப்படம், பழங்களையும் பாத்திரங்களையும் வரைவது அடியில். இளம் ஓவியர்களை ரோமுக்கு அனுப்பும் பரிசுப் போட்டிக்கும் இப்படிப்பட்ட கதைகளைத்தான் தலைப்பாகக் கொடுத்தார்கள். தாவீத் பலமுறை தோற்று 1774-இல்தான் அந்தப் பரிசை வென்றார். ஒருமுறை தோற்றபோது சாப்பிடாமல் கிடந்து சாகப் பார்த்தாராம். என் 6 மதிப்பெண்ணுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சரி, இப்போது முக்கியமான விஷயம். கதை தெரிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஓவியர் கதையின் எந்த நொடியை எடுத்திருக்கிறார்?

தாவீதின் 'ஹொரேஷியஸ் சகோதரர்களின் சபதம்' இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1784-இல் ரோமில் வரைந்து, 1785-இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த படம். ரோமுக்கும் அண்டை நகரமான ஆல்பா லோங்காவுக்கும் போர். இரு பக்கமும் மும்மூன்று சகோதரர்கள் மோதி முடிவு செய்யட்டும் என்று ஏற்பாடு. சண்டையில் ரோமர் ஒருவர்தான் பிழைக்கிறார். எதிராளிகளில் ஒருவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த அவருடைய தங்கை அழுகிறாள். அவளை அவரே வெட்டிக் கொல்கிறார். சண்டை, கொலை, விசாரணை என்று லிவியில் எத்தனையோ காட்சிகள். சபதம் மட்டும் அதில் இல்லை. தாவீத் முதலில் யோசித்ததும் வேறு காட்சி, கொலைக்குப் பிறகு தகப்பன் மகனுக்காக மக்களிடம் வாதாடுவது. அதற்கான வரைபடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, கதை தொடங்குவதற்கு முந்தைய நொடிக்குப் போய்விட்டார். இன்னும் யாரும் சாகவில்லை. ஆனால் வலது ஓரத்தில் பெண்கள் ஏற்கெனவே துவண்டு கிடக்கிறார்கள். ஒருத்தி எதிரி வீட்டுக்கு மருமகளாகப் போக வேண்டியவள், இன்னொருத்தி எதிரி வீட்டிலிருந்து வந்த மருமகள். எந்தப் பக்கம் வென்றாலும் அவர்களுக்கு இழவுதான். இந்தச் சொந்தம் புரிந்தால் கோடுகளைப் பற்றி எழுதுவதும் தானாக வரும்: ஆண்கள் பக்கம் கை, கால், வாள் எல்லாம் விறைப்பு, பெண்கள் பக்கம் எல்லாமே வளைவு.

அப்புறம் என் புரூட்டஸுக்குத் திரும்பிப் போனேன். லிவி விவரிப்பது தண்டனை நிறைவேறும் காட்சியை. தாவீத் வரைந்தது அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதை. தகப்பன் நிழலில், முகம் திருப்பி. வெளிச்சம் முழுக்கத் தாயின் மேலும் மகள்கள் மேலும். நடுவே மேசையில் ஒரு தையல் கூடை. அரசருக்காக வரையத் தொடங்கிய படம் அது. மக்கள் பார்வைக்கு வந்தபோது பிரெஞ்சுப் புரட்சி வெடித்து பாஸ்டிய் சிறை வீழ்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வரையத் தொடங்கியபோது இது எதுவும் ஓவியருக்குத் தெரிந்திருக்க முடியாது. 'புரட்சியைப் போற்றும் படம்' என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள், திருத்துபவர் பிடித்துக்கொள்வார்.

ரோமர்கள் மனைவி வேண்டி அண்டை மக்களான சபைன்களின் பெண்களைக் கடத்திய கதையிலும் இதே கேள்விதான் காப்பாற்றும். நிக்கோலா பூசான் வரைந்தது கடத்தலை. உயரத்தில் நின்று ரோமை நிறுவிய ரோமுலஸ் மேலங்கியை உயர்த்துகிறார், அதுதான் வீரர்களுக்குச் சைகை, புளூடார்க்கில் வரும் விவரம். தாவீத் 1799-இல் முடித்தது, சில வருடம் கழித்து அதே பெண்கள் கைக்குழந்தைகளோடு கணவர்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் நடுவே புகுந்து சண்டையை நிறுத்துவதை. புரட்சியின் ரத்தக்களரி முடிந்து, தாவீதும் சிறையிலிருந்து வந்த பிறகு வந்த படம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள்.

மூலத்தோடு முரண்படும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். 1787-இல் தாவீத் வரைந்த சாக்ரடீஸ் மரணத்தில் கட்டிலின் கால்மாட்டில் வயதான பிளேட்டோ உட்கார்ந்திருக்கிறார். அன்று தான் நோயால் வரவில்லை என்ற குறிப்பு பிளேட்டோவின் நூலிலேயே இருக்கிறது, அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. இதை வைத்தே ஒரு பத்தி எழுதலாம். இன்னொரு பொறி, ஜெரிக்கோவின் 'மெடூசாவின் தெப்பம்'. மெடூசா என்பது அங்கே 1816-இல் கரைதட்டிய கப்பலின் பெயர். கிரேக்கப் புராணத்தின் பாம்புக் கூந்தல் மெடூசா கதையை அதில் நுழைத்தவர் எங்கள் வகுப்பிலேயே உண்டு (நான் இல்லை).

படங்களை நேரில் பார்க்க முடிந்தால் பாருங்கள். லூவ்ர் அருங்காட்சியகத்தில் தாவீதின் பெரிய படங்கள் தெனோன் பகுதியின் சிவப்புச் சுவர் கூடத்தில், பூசான் ரிஷ்லியூ பகுதியின் இரண்டாம் மாடியில். எனக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை, லூவ்ருக்கும் அதே நாள்தான் விடுமுறை. இரண்டு மாதம் முதலாளியிடம் கெஞ்சி நாளை மாற்றிக்கொண்டேன். போனால் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் முதலில் நீங்களே கதையைச் சொல்லிப் பாருங்கள். போக முடியாதவர்களுக்கு அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பு இலவசம். கைப்பேசித் திரையை விடப் பெரிய திரையில் பாருங்கள், ஓரங்களில்தான் விஷயம் இருக்கும்.

மறுதேர்வு வாய்மொழியாக நடந்தது. ஆங்கர் 1811-இல் வரைந்த படம் ஒன்றைக் காட்டினார்கள். மேகத்தின் மேல் மலை போல ஒருவர், பக்கத்தில் கழுகு, அவர் மடியில் ஒரு கையும் தாடியருகே ஒரு கையுமாக மண்டியிட்டுக் கெஞ்சும் பெண். இலியட்டின் முதல் பகுதி, மகன் அக்கிலீஸுக்காக ஜூப்பிட்டரிடம் வந்த தீட்டிஸ் என்றேன். கால்களைப் பற்றி மோவாயைத் தொடுவது ஹோமரில் வரும் கெஞ்சும் முறை என்றும் சொன்னேன். ஆசிரியர் தலையசைத்துவிட்டு, இடது ஓரத்தில் மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சிறிய முகத்தைக் காட்டி, "இது யார்?" என்றார். மயிலைத் தேடினேன், கண்ணில் படவில்லை. இப்படி ஒளிந்திருந்து புருஷனைக் கண்காணிக்க வேறு யாருக்கு வேலை இருக்கிறது என்று யோசித்து, "ஜூனோ" என்றேன்.

20-க்கு 14.