ரங்கூன் பிள்ளைகளுக்கான அன்றாடத் தியானங்கள்

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில், தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு சிறு தியானமும் ஒரு ஜெபமும் எழுதித் தரும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. எழுதியதை நானே வாசித்து, குரல் பதிவாக, வைபர் என்ற கைபேசிச் செயலியின் குழுவில் அனுப்புகிறேன். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் பாட்டியோடும் அம்மாவோடும் தமிழில் பேசுவார்கள். பள்ளியிலும் தெருவிலும் பர்மிய மொழிதான். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க அவர்களுள் சிலருக்கே இயலும். ஆகவே அச்சிட்ட புத்தகத்தை விடக் காதில் விழும் சொல்லே அவர்களைச் சென்றடைகிறது. காதுக்காக எழுதத் தொடங்கிய பிறகு என் வாக்கியங்கள் தாமாகவே குறுகிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். (இந்தப் பதிவின் வாக்கியங்களைப் பார்த்து அதை நம்பாதவர்கள், ஒரு பிள்ளையின் அருகில் அமர்ந்து அந்தக் குரல் பதிவைக் கேட்டுப் பார்க்கலாம்.)

தமிழ்நாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் சிறுவர் தியானப் புத்தகங்கள் என்னிடம் நிறைய உண்டு. அவற்றை அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாமற் போவதற்கு மொழியை விட நாட்காட்டியே பெரிய காரணம். இங்கே பள்ளிகள் மழையோடு ஜூன் மாதத்தில் திறந்து, வெயில் முற்றும் மார்ச் மாதத்துக்குள் ஆண்டுத் தேர்வை முடித்து மூடிவிடுகின்றன. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்புக் காலமான லெந்து நாட்களின் பெரும்பகுதியும், அதன் கடைசி வாரமான பரிசுத்த வாரமும் உயிர்த்த ஞாயிறும் ஏறக்குறைய எல்லா ஆண்டும் விடுமுறையிலேயே வருகின்றன. "இன்று பள்ளியில் உன் நண்பனுக்கு எதை விட்டுக்கொடுப்பாய்?" என்று கேட்கும் லெந்து தியானத்தைக் கேட்பதற்கு அந்த நாட்களில் பள்ளியும் இல்லை, நண்பனும் பக்கத்தில் இல்லை. அதனால் லெந்து நாட்களின் தியானங்களை வீட்டை வைத்தே எழுதுகிறேன்: தாத்தா, பாட்டி, தம்பி, மாடிப்படி, தண்ணீர்க் குடம், மின்சாரம் போன மாலை.

அந்தப் புத்தகங்கள் கிறிஸ்தவப் பள்ளியையும் அதன் காலை ஜெபத்தையும் இயல்பாக எதிர்பார்க்கின்றன. பர்மாவில் மிஷன் பள்ளிகள் 1960களின் நடுவில் அரசுடைமையானவை. நம் பிள்ளைகள் செல்லும் அரசுப் பள்ளிகளில் காலையில் ஓதப்படுவது புத்த சமயத்தின் வணக்க வாசகம். ஆறு வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது, சபையில் பெற்றோர் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி. வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கச் சொல்லும் பெற்றோரும் உண்டு; கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்லிவிட்டுப் போகட்டும், சிறு பிள்ளைதானே என்பவர்களும் உண்டு. முதல் வகையினருக்குப் பிடித்த கதை, அரசாணைக்கு அஞ்சாமல் தன் கடவுளையே வணங்கியதால் சிங்கக் கெபியில் போடப்பட்ட தானியேல். அந்தக் கதையை நானும் சொல்வதுண்டு, ஆனால் இந்தக் கேள்விக்கு விடையாகச் சொல்வதில்லை. வகுப்பில் பக்கத்தில் அமர்ந்து தன் மொஹிங்காவில் (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) பாதியைப் பகிர்ந்து தரும் தோழியை ஒரு பிள்ளையின் மனத்தில் சிங்கமாக்கிவிடுவது எளிது. பிறகு அதை எடுப்பது கடினம்.

அதற்குப் பதிலாக, இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் சிறு பெண்ணை எடுத்துக்கொள்கிறேன். சீரியப் படைத்தலைவன் நாகமானின் வீட்டில் வேலை செய்தவள். வேற்று நாட்டில், வேறு தெய்வத்தை வணங்கும் வீட்டில் இருந்தவள். அவளுடைய பெயரைக்கூட வேதம் சொல்லவில்லை. எஜமானுக்குத் தொழுநோய் என்று தெரிந்ததும், சமாரியாவில் இருக்கும் தீர்க்கதரிசியிடம் அவர் போனால் நலமாயிருக்கும் என்று எஜமானியிடம் சொல்கிறாள். அந்த வீட்டாரின் வழிபாட்டைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொன்னதாக எழுதப்படவில்லை. தன் கடவுளையும் அவள் மறக்கவில்லை. அந்த வீட்டாரின் வலியையும் மறக்கவில்லை. இதில் ஒரு வேறுபாட்டையும் பிள்ளைகளிடம் சொல்லியாக வேண்டும்: அவள் சிறைப்பிடித்துக் கொண்டுவரப்பட்டவள், நாம் அப்படியல்ல. நம் கொள்ளுத்தாத்தாக்கள் வயல் வேலைக்கும் அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் கப்பலேறி வந்தார்கள், பிள்ளைகளோ இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். காலை வணக்கத்தின்போது கைகட்டி மரியாதையாக நின்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ள, இந்தச் சிறு ஜெபத்தைத் தருகிறேன்:

"இயேசப்பா, நான் இங்கே நிற்கிறேன். நீங்களும் என்னோடு இருக்கிறீர்கள். என் சயாமாவுக்கும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நல்ல நாளைக் கொடுங்கள். ஆமென்."

சயாமா என்பது இங்கே ஆசிரியைக்குப் பிள்ளைகள் சொல்லும் பெயர். அதை ஜெபத்திலும் அப்படியே வைத்துக்கொண்டேன். பெரியவர் ஒருவர் "ஆசிரியை" என்று திருத்தித் தந்தார், பிள்ளைகள் யாரும் அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை.

தியானத்தின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. ஒரே ஒரு நிகழ்ச்சி, அதைப் பற்றி ஒரு கேள்வி, பிறகு ஜெபம். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். "ஆகையால் பிள்ளைகளே, நாமும்" என்று தொடங்கும் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் எழுதுவதில்லை. சாமுவேலின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் கடவுளின் குரல் கேட்டு, முதிய ஆசாரியர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று அந்தச் சிறுவன் மூன்று முறை அவரிடம் ஓடுகிறான். "இதோ இருக்கிறேன், என்னைக் கூப்பிட்டீரே" என்கிறான். கீழ்ப்படிதல் என்ற பாடத்தைத்தான் புத்தகங்கள் இதில் எடுக்கின்றன. பிள்ளைகளைக் கேட்டால், அவர்களுக்கு வேறொன்று பிடித்திருக்கிறது: கண்பார்வை மங்கிய ஒரு தாத்தாவைத் தூக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப எழுப்பியும் அவர் திட்டவே இல்லை, திரும்பிப் போய்ப் படுத்துக்கொள் என்று மட்டும் சொல்கிறார். "உன்னை இப்படித் திட்டாமல் திருப்பி அனுப்புகிறவர் வீட்டில் யார்?" என்று ஒரு நாள் கேள்வியாகக் கேட்டு அனுப்பினேன். பாட்டி, பெரியப்பா, ஒரு வீட்டில் சமையலுக்கு வரும் பர்மிய அம்மா என்று விடைகள் வந்தன. அந்தப் பெயர்களே அன்றைய நன்றி ஜெபமாயின.

ஜெபங்களில் நான் கவனமாகத் தவிர்ப்பது பேரம். பிப்ரவரியில் தேர்வு நெருங்கும்போது எல்லா வீட்டிலும் ஒரே வேண்டுதல்தான். அதே மாதத்தில் கத்தோலிக்க உறவினர்கள் நியாங்லேபினுக்கு லூர்து மாதா திருநாளுக்குக் கிளம்புவார்கள். புறப்படும் வண்டியில் பிள்ளையின் தேர்வு எண்ணும் மடித்த தாளில் சேர்ந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோரின் பதற்றம் புரிகிறது. ஆயினும் மதிப்பெண் வந்தால் கடவுள் கேட்டார், வராவிட்டால் கேட்கவில்லை என்று ஒரு பிள்ளை ஏழு வயதிலேயே கணக்குப் போடத் தொடங்கிவிட்டால், பத்து வயதில் அந்தக் கணக்கை மூடிவிடும். தேர்வு நாளுக்கு நான் எழுதியது இவ்வளவே:

"இயேசப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது. படித்ததை நினைவுபடுத்திக்கொள்ள உதவுங்கள். தெரியாத கேள்வி வந்தால் நான் அழாமல் இருக்கட்டும். எவ்வளவு மதிப்பெண் வந்தாலும் நான் உங்கள் பிள்ளைதான். ஆமென்."

கடைசி வாக்கியத்தைப் பிள்ளையை விடப் பெற்றோர் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

மழைக்காலத் தியானங்களில் நோவாவை நான் வைப்பதில்லை. பேழையின் ஜன்னலில் ஒட்டகச்சிவிங்கி தலை நீட்டும் படம் எல்லாச் சிறுவர் வேதாகமத்திலும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023 அக்டோபரில் பெகு நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, நம் பிள்ளைகளில் சிலருடைய அத்தை வீடும் மாமா வீடும் அங்கேதான் இருந்தன. வெள்ளத்தைக் கடவுள் அனுப்பினார் என்று தொடங்கும் கதையை, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் மாதத்தில் ஒரு சிறு பிள்ளை எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். நோவாவைக் குளிர்காலத்துக்குத் தள்ளிவைத்தேன். அவ்வளவுதான்.

நிலநடுக்கத்தை அப்படித் தள்ளிவைக்க முடியவில்லை. 2025 மார்ச் 28, லெந்து நாட்களின் ஒரு வெள்ளிக்கிழமை. 7.7 அளவு என்று பதிவான அந்த அதிர்ச்சி சகாயிங், மாண்டலே பகுதிகளைச் சிதைத்தது. ரங்கூனிலும் தரை ஆடியதைப் பிள்ளைகள் உணர்ந்தார்கள். அடுத்து வந்த நாட்களில் கைபேசியில் இடிந்த கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "கடவுள் கோபமாக இருக்கிறாரா?" என்ற கேள்வி உடனே வந்தது. இது தேவனுடைய நியாயத்தீர்ப்பு என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர்கள் காதிலும் விழுந்திருந்தது. அப்படிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைகள் முன்னிலையில் பேசுவதில் துளியும் இல்லை.

அந்த வாரம் நான் எடுத்துக்கொண்டது முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். பயந்து ஓடிக் களைத்துப்போன எலியா ஓரேப் மலையில் நிற்கிறார். பெருங்காற்று வருகிறது, பிறகு தரை அதிர்கிறது. "பூமி அதிர்ச்சியிலும் கர்த்தர் இருக்கவில்லை" என்கிறது வேதம். பிறகு அக்கினி, அதிலும் அவர் இல்லை. அதற்குப் பின் வந்தது "அமர்ந்த மெல்லிய சத்தம்." இந்தப் பகுதிக்கு விளக்கமே எழுதாமல், மெதுவாக வாசித்து, கடைசிச் சொற்களை ஏறக்குறைய கிசுகிசுத்து அனுப்பினேன். மறுநாள் படகில் புயலடிக்கும் கதை. சீஷர்கள் தூங்கிக்கொண்டிருந்த இயேசுவை எழுப்பி, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" என்று கேட்கிறார்கள். மரியாதையான ஜெபம் அல்ல அது, கிட்டத்தட்டச் சண்டை. அப்படிக் கேட்டதற்காக அவர் அவர்களைப் படகை விட்டு இறக்கவில்லை, எழுந்து காற்றை அதட்டினார். கடவுளிடம் கோபமாகவும் பேசலாம் என்பதை அந்த வாரத்தில் பிள்ளைகள் அறிந்துகொள்வது, அழகான நன்றி ஜெபம் ஒன்றைக் கற்றுக்கொள்வதை விடத் தேவையாக இருந்தது. பலர் திறந்த வெளியில் படுத்துறங்கிய அந்த இரவுகளுக்கு நான்காம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை மனப்பாட வசனமாகக் கொடுத்தேன். "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்ற முதல் பகுதியே சிறியவர்களுக்குப் போதும். ஜெபம் இது:

"இயேசப்பா, மாண்டலேயில் வீடு இல்லாத பிள்ளைகள் இன்று எங்கே தூங்குவார்கள்? அவர்கள் பக்கத்தில் இருங்கள். எங்களுக்கும் பயமாக இருக்கிறது. எங்கள் பக்கத்திலும் இருங்கள். ஆமென்."

பரிசுத்த வாரமும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் ஏப்ரலில் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுவது இன்னொரு சிக்கல். 2022இல் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 17, பர்மியப் புத்தாண்டு நாளும் அதுவே. 2025இல் அதே புத்தாண்டு நாள் பரிசுத்த வாரத்தின் பெரிய வியாழனாக அமைந்தது. தெரு முழுவதும் தண்ணீர் பீய்ச்சும் நாட்களில் வீட்டுக்குள் உட்காரவைத்து இயேசுவின் பாடுகளின் தியானம் கேட்கச் சொன்னால், பிள்ளையின் கண் வாசலில்தான் இருக்கும். விளையாட்டைத் தடை செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. திஞ்சானில் இளையவர்கள் முதியோரின் தலையைக் கழுவிவிட்டு நகம் வெட்டிவிடும் பழைய வழக்கம் ஒன்று பர்மியரிடம் உண்டு. நம் பிள்ளைகள் அதைப் பக்கத்து வீட்டில் பார்த்தே வளர்கிறார்கள். ஆகவே பெரிய வியாழனுக்கு, இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவும் யோவான் 13ஆம் அதிகாரத்தைச் சொல்லி, அன்று மாலை ஒரு தட்டில் தண்ணீர் வைத்துத் தாத்தா பாட்டியின் கால்களைக் கழுவச் சொன்னேன். சபையின் மூப்பர் ஒருவர், இது புத்த சமய வழக்கத்தைக் கலப்பதாகாதா என்று கேட்டார். கால் கழுவியதும் கழுவச் சொன்னதும் ஆண்டவர்தானே ஐயா, என்று சொன்னேன். அவர் முழுவதும் சமாதானமடைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் தம் பேரனுக்குத் தம் கால்களை நீட்டினார் என்று கேள்விப்பட்டேன்.

உயிர்த்த ஞாயிறு முன்னதாக வரும் ஆண்டுகளில் இந்த இணைப்பு வாய்ப்பதில்லை. 2026இல் அது ஏப்ரல் 5, திஞ்சானுக்கு ஒரு வாரம் முன்பே. அப்படிப்பட்ட ஆண்டில் தண்ணீர்த் திருவிழா நாட்களுக்கு, உயிர்த்த இயேசு கடற்கரையில் சீஷர்களுக்குத் தோன்றும் யோவான் 21 பொருந்துகிறது. கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று கேள்விப்பட்ட உடனே பேதுரு மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார். கரையில் கரிநெருப்பும் மீனும் அப்பமும் காத்திருக்கின்றன. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார் இயேசு. குதிக்கப் போகிறவர் சட்டையைக் கழற்றத்தானே வேண்டும், ஏன் போட்டுக்கொண்டார் என்று ஒரு பிள்ளை கேட்டது. அதையே அன்றைய கேள்வியாகக் குழுவில் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.